டபுள் பெடல்: சோதிக்க வேண்டியது இடது பக்கத்தை

கேள்வி: மூன்று ஆண்டுகளாக டிரம்ஸ் வாசித்து வருகிறேன். என்னிடம் இருப்பது ஒற்றைச் செயின் கொண்ட சாதாரண கிக் பெடல் (காலால் அழுத்திப் பெரிய பாஸ் டிரம்மை அடிக்கும் கருவி). இப்போது அதே டிரம்மை இரு கால்களாலும் அடிக்க உதவும் டபுள் பெடல் வாங்க எண்ணி விசாரித்ததில், இரட்டைச் செயின்தான் உறுதியானது என்று ஒருவரும், டைரக்ட் டிரைவ் இல்லாமல் வேகம் வராது என்று இன்னொருவரும், பெல்ட் போதும் என்று மூன்றாமவரும் சொல்கிறார்கள். எதை அடிப்படையாக வைத்து ஒப்பிடுவது?

பதில்: மூவரும் பேசுவது ஒரே உறுப்பைப் பற்றித்தான், அதாவது, பாதம் அழுத்தும் பலகையையும் மேலே சுழலும் அச்சையும் இணைக்கும் உறுப்பைப் பற்றி. அதில் வேறுபாடு இல்லாமல் இல்லை. ஒற்றைச் செயினைவிட இரட்டைச் செயின் பக்கவாட்டில் குறைவாக அசையும். எடை சற்றுக் கூடும். பெல்ட் இலேசானது, சத்தம் குறைவு. டைரக்ட் டிரைவில் வளையாத உலோக இணைப்பு இருப்பதால், பாதம் செய்வதை பீட்டர் (டிரம்மின் தோலை அடிக்கும் சுத்தி போன்ற உறுப்பு) அப்படியே செய்யும்; உங்கள் காலில் தடுமாற்றம் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டிவிடும். இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று யாரேனும் விற்க முயன்றால் நம்ப வேண்டாம்: வில்லியம் லுட்விக்கின் டபிள்யூ.எஃப்.எல். நிறுவனம் 1937-இல் அறிமுகப்படுத்திய ஸ்பீட் கிங் பெடலிலேயே பலகையை அச்சுடன் இணைத்தது உலோகத் துண்டுதான்.

செயினா பெல்ட்டா என்பதைவிட, அது சுற்றிச் செல்லும் கேமின் (அச்சில் பொருத்திய சக்கரம் போன்ற உறுப்பின்) வடிவத்தைத்தான் கால் அதிகமாக உணரும். வட்டமான கேம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீரான இழுப்பைத் தரும். மையம் விலகிய கேமில் அடி முடியும் தறுவாயில் பீட்டர் வேகமெடுக்கும். அடி கனமாக விழும், ஆனால் மென்மையாக வாசிக்கும்போது கட்டுப்படுத்தப் பழக வேண்டியிருக்கும். டாமா நிறுவனம் தன் அயர்ன் கோப்ரா பெடலை ரோலிங் கிளைடு, பவர் கிளைடு என்று இந்த இரு வடிவங்களிலும் தனித்தனியாக விற்றதும், பேர்ல் நிறுவனம் எலிமினேட்டரில் மாற்றிப் பொருத்தக்கூடிய கேம்களைக் கொடுத்ததும் இந்த வேறுபாட்டுக்காகத்தான். எந்த வடிவம் பிடிக்கும் என்று உங்களுக்கே இன்னும் தெரியாதென்றால், வட்ட வடிவத்தில் தொடங்குவது நல்லது.

இவ்வளவும் ஒற்றைப் பெடலுக்கும் பொருந்தும் செய்திகள். டபுள் பெடலின் தரம் வெளிப்படும் இடம் வேறு. வலது பாதம் தன் பீட்டரை நேரடியாக இயக்குகிறது. இடது பாதமோ ஹை-ஹாட் (காலால் இயக்கும் ஜோடித் தாளம்) பக்கத்தில் இருக்கும் துணைப் பெடலை அழுத்த, அந்த விசை ஒரு நீண்ட தண்டு வழியாக, இரு முனைகளிலும் உள்ள மூட்டுகளைக் கடந்து, பிரதான பெடலில் இருக்கும் இரண்டாவது பீட்டரை வந்தடைய வேண்டும். தண்டின் எடையையும் மூட்டுகளின் உராய்வையும் சேர்த்துச் சுமப்பது இடது கால்தான். அதுவோ, பெரும்பாலானவர்களுக்குப் பழக்கம் குறைந்த கால். நிமிடத்துக்கு 160 தட்டுகள் என்ற நடையில் ஒரு தட்டுக்கு நான்கு அடி வீதம் வாசித்தால், இரு கால்களும் சேர்ந்து நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட அடிகளைத் தர வேண்டும். அந்த வேகத்தில் மூட்டில் இருக்கும் மயிரிழை ஆட்டம்கூட அடிகளைச் சீரற்றதாக்கும்.

ஆகவே கடையில் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இடது பீட்டரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, துணைப் பெடலின் பலகையை மறு கையால் மெதுவாக அழுத்துங்கள். பீட்டர் உங்கள் கையைத் தள்ளுவதற்கு முன்பே பலகை எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவும் வீணாகும் அசைவு. நல்ல பெடலில் அது தென்படாது. அடுத்து, இரு பீட்டர்களையும் ஒரே அளவு பின்னுக்கு இழுத்துவிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை முறை ஊசலாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். இடது பீட்டர் விரைவில் நிற்பது இயல்பே. ஆனால் வலதின் எண்ணிக்கையில் பாதியைக்கூட எட்டவில்லையென்றால், அந்தப் பெடலை நான் வாங்க மாட்டேன். இதைச் செய்வதற்கு முன் இரு பக்க ஸ்பிரிங்குகளும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். காட்சிக்கு வைத்த பெடலை வந்தவர்களெல்லாம் திருகியிருப்பார்கள்.

பிறகு, வீட்டில் அமரும் உயரத்துக்கே இருக்கையை வைத்து, வாசிக்கும்போது அணியும் காலணியுடன் அமர்ந்து, இடது காலால் மட்டும் இரண்டு நிமிடம் மென்மையாக வாசித்துப் பாருங்கள். ஓங்கி அடிக்கும்போது எல்லாப் பெடலும் நன்றாகவே இருக்கும். குறை தெரிவது மெதுவான அடியில்தான்.

கேள்வி: வாங்கிய டபுள் பெடலில் இடது அடி எப்போதும் பலவீனமாகவே ஒலிக்கிறது. பெடல் பழுதா, கால் பழுதா?

பதில்: இரண்டுமாக இல்லாமலும் இருக்கலாம். தண்டு எப்படி அமைந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மூட்டுகள் கூர்மையாக மடங்கியிருந்தால், சுழற்சி சீராகக் கடக்காமல் விட்டுவிட்டுச் செல்லும். துணைப் பெடலைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, தண்டின் நீளத்தைச் சரிசெய்து, அது இயன்றவரை தரைக்கு இணையாகவும் இரு மூட்டுகளின் வளைவு ஒன்றுபோலவும் இருக்கும்படி வையுங்கள். ஹை-ஹாட் ஸ்டாண்டின் மூன்று கால்கள்தான் பெரும்பாலும் இதற்குத் தடையாக நிற்கும். இரண்டு கால் ஸ்டாண்டோ, கால்களைச் சுழற்றி நிறுத்தக்கூடிய ஸ்டாண்டோ இருந்தால் சிக்கல் தீர்ந்தது. டபுள் பெடல் வாங்கப் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இன்னொரு காரணம், பீட்டர்கள் தோலைத் தொடும் இடம். ஒன்று நடுவிலும் மற்றொன்று ஓரத்திலும் விழுந்தால் இரு ஒலிகளும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. பெடலைச் சிறிது வலப்புறம் நகர்த்தி, நடுப்புள்ளியிலிருந்து இரண்டும் சம தூரத்தில் விழும்படி அமைத்தால் வேறுபாடு வெகுவாகக் குறையும். மின்னணு டிரம்ஸ் வைத்திருப்பவர்கள், தங்கள் கிக் பேடின் (பாஸ் டிரம்முக்குப் பதிலாக பீட்டர் அடிக்கும் பலகையின்) முகம் இரண்டு பீட்டர்களையும் ஏற்கும் அளவுக்கு அகலமானதா என்று பெடலை வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: பழைய டபுள் பெடல் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், நானும் ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். செயினில் துரு இருக்கிறதா, அடித்தகடு வளைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்த நான், தண்டை இறுக்கும் திருகுகளின் தலையைப் பார்க்கத் தவறினேன். டிரம் கீ (டிரம் திருகுகளைத் திருப்பும் சாவி) பிடிக்க வேண்டிய சதுர முனைகள் உருண்டு போயிருந்தன. ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் தண்டு நழுவி, இடது பீட்டர் சாய்ந்து தொங்கும். திருகுகள் சிறியவைதான், ஆனால் அந்த மாடலுக்கான உதிரி பாகங்கள் நின்று போயிருந்தன. எனவே கையில் ஒரு டிரம் கீயுடன் செல்லுங்கள். ஒவ்வொரு திருகையும் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங், பீட்டர், மூட்டு ஆகியவை இன்னும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேட்டுக்கொண்ட பிறகே விலை பேசுங்கள்.

கேள்வி: நான் இடது கால் பழக்கமுள்ளவன். சாதாரண டபுள் பெடலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. பிரதான பெடலுடன் தண்டு இணையும் பக்கம் நிலையானது. இடது காலுக்கென்றே தயாரிக்கப்படும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்ததும் முதலில் அதைச் சரிபாருங்கள்.