‘கோல்டு’ (cold) என்ற ஆங்கிலச் சொல்லின் மூலத்துக்கு முன்னால் ஏன் நட்சத்திரக் குறி?

குளிர்ந்த என்று பொருள்படும் ‘கோல்டு’க்கு மூலம் ‘*கல்டஸ்’ என்று அகராதிகள் காட்டும். அந்தக் குறிக்கு, எந்த எழுத்திலும் கிடைக்காத, உறவு மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்று அர்த்தம். ஜெர்மனில் கல்ட், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் கல்டர். இன்று வழக்கொழிந்த கோதிக் மொழியின் 4-ஆம் நூற்றாண்டு பைபிளில் ‘ஒரு குவளை குளிர்ந்த நீர்’ என்ற இடத்திலும் இதே சொல்தான். பேரப்பிள்ளைகளின் ஜாடையை வைத்து, போட்டோவே இல்லாத தாத்தாவின் முகத்தை யூகிப்பது போன்றது இது.

அதற்கும் முந்தைய மூதாதை மொழியில் இருந்த ‘க’கர மெல்லொலி (go-வில் வரும் g), ஆங்கிலமும் மேலே சொன்ன மொழிகளும் அடங்கிய ஜெர்மானிய மொழிகளில் வல்லொலியாக (k) மாறியது, லத்தீனில் மாறவில்லை. அங்கே உறைபனிக்கு ‘கெலு’. அந்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் ஜெல்லி! எனக்கு மிகப் பிடித்த உறவு இது.

அப்புறம், ‘கோல்டு’ ஜெர்மன் ‘கல்ட்’டிலிருந்து வந்ததல்ல, இரண்டும் உடன்பிறப்புகள்.