பெங்களூர்ல ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடறீங்களா? 'எல்லாம் நான் பாத்துக்கறேன்'னு சொல்ற ஆளை முதல்ல ஓரமா உக்கார வைங்க

கேள்வி: சார், நான் மடிப்பாக்கம், ஓஎம்ஆர்ல ஐடி வேலை. கையில சேமிப்பு 20 லட்சம் இருக்கு. பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், ரீசேல், 72 லட்சத்துக்கு வருது. ஓனர் அமெரிக்காவுல இருக்கார், அவர் தம்பி பவர்ல (ஓனருக்குப் பதிலா செயல்பட எழுதிக் குடுத்த அதிகாரப் பத்திரம்) கையெழுத்து போடுவாராம். மாசம் 30,000 வாடகை, 10 மாச அட்வான்ஸ் 3 லட்சம் உடனே கைக்கு வரும், எங்களுக்கு ஒரு பவர் குடுத்துட்டா பத்திரத்துலேர்ந்து வாடகை வரைக்கும் எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க மெட்ராஸை விட்டு நகரவே வேணாம்னு புரோக்கர் சொல்றார். இந்த வாரமே டோக்கன் 2 லட்சம் கேக்கறார். முதல் தடவையா வாங்கறேன், போடலாமா?

பதில்: டோக்கன் போடாதீங்க தம்பி. ஃபிளாட் நல்லதா கெட்டதாங்கறது அப்புறம். நீங்க எழுதினதுல எனக்கு உறுத்தறது ஒண்ணுதான். வித்துக் குடுக்கறவரும் அந்த புரோக்கரே, பத்திரம் எழுதறவரும் அவரே, வாடகைக்கு ஆள் பிடிக்கறவரும் அவரே, உங்க பவரை கையில வெச்சிருக்கப் போறவரும் அவரே. வெளியூர்ல சொத்து வாங்கி மாட்டிக்கிட்டு என் ஆபீசுக்கு வர்ற நம்ம ஊர்க்காரங்க முக்காவாசிப் பேர் இப்படி ஒரே ஆளை நம்பினவங்கதான்.

முதல்ல கணக்கு. 72 லட்சத்துல பேங்க் 80 சதவீதம்தான் லோன் குடுக்கும், அதாவது 57.6 லட்சம். மிச்சம் 14.4 லட்சம் உங்க கைக்காசு. கர்நாடகாவுல ஸ்டாம்ப் டூட்டி 5 சதவீதம், அது மேல செஸ், சர்சார்ஜ், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 2 சதவீதம் (2025 ஆகஸ்ட் கடைசி வரைக்கும் 1 சதவீதமா இருந்துச்சு, ஏத்திட்டாங்க), எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 7.6 சதவீதம். ஸ்டாம்ப் செலவுக்கு பேங்க் லோன் தராது. அது அஞ்சரை லட்சம். கூட்டிப் பாருங்க, உங்க 20 லட்சம் அப்படியே காலி, புரோக்கர் கமிஷனுக்கே கடன் வாங்கணும். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ 50,000 ரூபா. வாடகை 30,000-ல மெயின்டனன்ஸ் 4,000 போச்சுன்னா 26,000, ஆக மாசாமாசம் 24,000 உங்க சம்பளத்துலேர்ந்து போகும், அதுவும் வருஷம் 12 மாசமும் ஆள் இருந்தா. இதைத் தாங்க முடியும்னா மேல படிங்க.

அந்த 3 லட்சம் அட்வான்ஸ் வருமானம் இல்ல, கடன். குடித்தனக்காரர் காலி பண்றப்ப பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை எண்ணி வைக்கணும். அதை ரிஜிஸ்ட்ரேஷன் செலவுல போட்டுக்கலாம்னு புரோக்கர் சொன்னா, அவர் உங்க நல்லதுக்குப் பேசலன்னு அர்த்தம். தனியா ஒரு எஃப்டி போட்டு மறந்துடுங்க.

இப்ப பத்திரம். நம்ம ஊர்ல பட்டா, அங்க காத்தா. அதுலயே ஏ காத்தா, பி காத்தா. ஏ-ன்னா அனுமதியெல்லாம் சரியா இருக்கறது, பி-ன்னா அதுல குறை இருக்கறது. 2024 கடைசிலேர்ந்து பெங்களூர்ல இ-காத்தா (ஆன்லைன் காத்தா) இல்லாம பத்திரப்பதிவே கிடையாது. சர்ஜாபூர் பக்கம் பாதி இடம் கார்ப்பரேஷன், பாதி பஞ்சாயத்து, பஞ்சாயத்துன்னா ஈ-ஸ்வத்துன்னு அதுக்கு வேற ஒரு பேர். அந்த கார்ப்பரேஷனும் ஒண்ணா இருந்தது இப்ப அஞ்சா ஆயிடுச்சு. ஒரே நாடு ஒரே நாடுங்கறோம், ஆனா ஹொசூர் தாண்டினா 30 வருஷ வக்கீலுக்கே எந்த ஆபீஸ்ல எந்த பேப்பர்னு விசாரிச்சுத்தான் போக வேண்டியிருக்கு, சாதாரண ஜனம் புரோக்கர் கால்ல விழாம என்ன பண்ணும்? சரி விடுங்க. நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ரெண்டு. காத்தாங்கறது சொத்து வரி கணக்கு, அது ஓனர்ஷிப்புக்கு அத்தாட்சி இல்ல. இன்னொண்ணு, பி காத்தான்னா தொடாதீங்க. பி-யை ஏ-வா மாத்த அரசாங்கமே வழி பண்ணியிருக்குன்னு சொல்வாங்க, விக்கறவரே மாத்தி முடிச்சு எடுத்துட்டு வரட்டும், அப்புறம் பேசலாம்.

ஓசி கேளுங்க. நம்ம ஊர்ல ஓசின்னா சும்மா கிடைக்கறது, இது லேசுல கிடைக்காது. கட்டடம் பிளான்படி கட்டியிருக்கு, குடியிருக்கலாம்னு குடுக்கற சர்டிபிகேட். அது பார்க்காம கரண்டு, தண்ணி கனெக்‌ஷன் குடுக்காதே, பேங்க் லோன் குடுக்காதேன்னு 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிருக்கு. "அப்ளை பண்ணியாச்சு சார்"ங்கற பதில் செல்லாது.

வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் அங்க இருக்கற ஒரு வக்கீல்கிட்ட குடுங்க, புரோக்கர் காட்டற வக்கீல் வேணாம், நீங்களா தேடினவரா இருக்கணும். ஆன்லைன்ல ஈசி (வில்லங்கச் சான்று) எடுத்தேன் கிளீனா இருக்குன்னு புரோக்கர் வாட்ஸாப்ல அனுப்புவார், அது கன்னடத்துல இருக்கும், நீங்களும் தலையாட்டுவீங்க. 2004-க்கு முன்னாடி உள்ள பதிவுக்கு சப் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பழைய புக்கைப் புரட்டித்தான் பார்க்கணும். ஏரி, ராஜகாலுவே பக்கத்துல இருக்கான்னும் அந்த வக்கீலையே பார்க்கச் சொல்லுங்க. ராஜகாலுவேன்னா மழைநீர் போற பெரிய கால்வாய், நம்ம வேளச்சேரி கதைதான், அங்க இடிக்கவும் வருவாங்க.

அடுத்தது நீங்க ஒரு வரில தாண்டிப் போன விஷயம், ஓனர் அமெரிக்காவுல. இங்க கொஞ்சம் நின்னு படிங்க. விக்கறவர் இந்தியாவுலயே இருக்கறவர்னா 50 லட்சமும் அதுக்கு மேலயும் போற சொத்துக்கு நீங்க 1 சதவீதம் டிடிஎஸ் (விக்கறவருக்குக் குடுக்கற பணத்துலேர்ந்து பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டற வரி) பிடிச்சுக் கட்டினா போதும், 72,000 ரூபா, ஆன்லைன்ல ஒரு ஃபாரம், அரை மணி நேர வேலை. என்ஆர்ஐன்னா இந்தக் கணக்கே இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்த சொத்துன்னா 12.5 சதவீதம், அது மேல சர்சார்ஜ், செஸ். அவர் லாபத்துக்கு மட்டும் இல்ல, மொத்த விலைக்கும் பிடிக்கணும், 72 லட்சத்துக்கு அதுவே 9 லட்சத்துக்கு மேல. குறைச்சுப் பிடிக்கணும்னா அவர்தான் இன்கம்டாக்ஸ்ல விண்ணப்பிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டு வரணும். தம்பி இங்கதானே இருக்கார், அவர் பான் நம்பரைப் போட்டு 1 சதவீதம் கட்டிடலாம்னு புரோக்கர் சொல்வார், எழுதி வெச்சுக்கோங்க, சொல்வார். தம்பி வெறும் கையெழுத்து போடறவர், ஓனர் அண்ணன்தான். நீங்க பிடிக்கலன்னா டிபார்ட்மெண்ட் டல்லாஸுக்கு ஃபிளைட் ஏறாது, மடிப்பாக்கத்துக்கு நோட்டீஸ் அனுப்பும், வட்டியோட. போன வருஷம் ஒரு டீச்சரம்மா இப்படித்தான் நோட்டீஸோட வந்தாங்க, ஃபிளாட்டை வித்தவர் போனை எடுக்கறதே இல்ல.

அந்தத் தம்பியோட பவர் பதிவானதா, விக்கற அதிகாரம் அதுல இருக்கா, ரத்து ஆகலையான்னு வக்கீல் பார்க்கட்டும். நீங்க அண்ணன்கிட்ட வீடியோ கால்ல பேசுங்க. பவர் குடுத்தவர் செத்துட்டா பவரும் செத்துடும், அதைச் சொல்லாமலே விக்கறவங்க இருக்காங்க.

புரோக்கர் உங்ககிட்ட கேக்கற பவர் வேற. குடுக்காதீங்க, அவ்வளவுதான். பவரை மட்டும் வெச்சு சொத்து கை மாறாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே சொல்லியாச்சு, ஆனா உங்க பேர்ல அட்வான்ஸ் வாங்கவும் அக்ரிமெண்ட் போடவும் அது தாராளமா போதும். பத்திரப்பதிவுக்கு நீங்களே போங்க. காலையில சென்ட்ரல்ல 6 மணிக்குள்ள வந்தே பாரத் ஏறினா பத்தரைக்கு பெங்களூர், இதுக்கு சோம்பேறித்தனம் பட்டா எப்படி.

என் மச்சானுக்கு வேற ஊர்ல ஒரு ஃபிளாட் இருந்துச்சு. பாத்துக்கறதுக்கு ஒரு ஆள். அஞ்சு மாசமா காலியா கிடக்கு, மார்க்கெட் டல்லுன்னு சொல்லிட்டிருந்தான். நான் ஒரு நாள் கரண்டு பில் நம்பரைப் போட்டு ஆன்லைன்ல பார்த்தா, பூட்டின வீட்டுல மாசம் 210, 190, 225 யூனிட். ஃப்ரிட்ஜ் ஓடுது, ஏசி ஓடுது, வாடகை மட்டும் மெட்ராஸ் வரல. அதனால கரண்டு கனெக்‌ஷனை உங்க பேருக்கு மாத்தி உங்க மொபைல் நம்பரைக் குடுங்க, பெஸ்காம் (பெங்களூர் கரண்டு கம்பெனி) பில் இங்கேர்ந்தே பார்க்கலாம். அபார்ட்மெண்ட் அசோசியேஷன் குரூப்லயும் கேட் ஆப்லயும் ஓனரா உங்க பேரே இருக்கட்டும். வாடகை, அட்வான்ஸ் ரெண்டும் குடித்தனக்காரர் அக்கவுண்ட்லேர்ந்து நேரா உங்க அக்கவுண்டுக்கு, நடுவுல யாரும் வேணாம். அக்ரிமெண்ட் வழக்கம்போல 11 மாசம், கையெழுத்து நீங்க போடுங்க.

டாக்ஸ் பயம் வேணாம். வாடகையில 30 சதவீதம் கேள்வியே இல்லாம கழிச்சுக்கலாம், லோன் வட்டியும் கழியும். ஆனா நஷ்டம் வந்தா அதை சம்பளத்துல கழிக்கறது பழைய வரி ரெஜிம்ல மட்டும்தான், அதுவும் வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும். நியூ ரெஜிம்ல இருந்துக்கிட்டு டாக்ஸ் மிச்சமாகும்னு நினைச்சு வாங்காதீங்க.

இப்ப புரோக்கருக்கு போன் பண்ணி ஓசி, இ-காத்தா, தாய்ப்பத்திரம், தம்பியோட பவர் நாலுக்கும் காப்பி அனுப்பச் சொல்லுங்க. டோக்கன் வந்தாத்தான் காப்பின்னு சொன்னா வேற ஃபிளாட் பாருங்க. அனுப்பிட்டா, அடுத்த சனிக்கிழமை நேர்ல போய் வாட்ச்மேன்கிட்ட அந்த பிளாக்ல எத்தனை வீடு காலியா கிடக்கு, எவ்வளவு வாடகைக்கு போகுதுன்னு கேளுங்க. 30,000-ன்னு புரோக்கர் சொன்னதை மட்டும் அவர்கிட்ட வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க.