ஹோம்ஸ்டேல குடுத்த ஆதார் லீக் ஆனா யார் பொறுப்பு?

கொடைக்கானல்ல ரூம் போட அனுப்புன ஆதார் காப்பி அவங்க புக்கிங் சாஃப்ட்வேர்ல இருந்து திருடு போச்சு, ஓனர் "அது சாஃப்ட்வேர் கம்பெனி தப்பு"ங்கறாருன்னு கேட்டிருக்கீங்க. திருடினவன் குற்றவாளி, அது சரி, ஆனா உங்ககிட்ட வாங்கினது ஹோம்ஸ்டே தானே, 2023 டேட்டா பாதுகாப்பு சட்டப்படி எதுக்கு வாங்கறோம் என்ன பண்றோம்னு முடிவெடுக்கறவங்கதான் பொறுப்பு, வேலைய வெளியாளுக்கு குடுத்திருந்தாலும் கை கழுவ முடியாது. பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரை போகலாம், லீக் ஆனத உங்களுக்கு சொல்லாம மறைச்சா அதுக்கு தனியா 200 கோடி வரை (வட்டக்கானல்ல சின்னதா ரூம் விடறவருக்கு அவ்ளோ போட மாட்டாங்க, அது உச்ச வரம்பு). கடுப்பு என்னன்னா அந்த காசு அரசாங்க கஜானாவுக்குத்தான், உங்களுக்கு ஒத்த ரூபா வராது. அதுலயும் இந்த சட்டத்துக்கான ரூல்ஸ் வந்ததே 2025 நவம்பர்லதான், இந்த கடமையெல்லாம் அமலாக அதுலேர்ந்து 18 மாசம். அதுவரை தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தோட 43ஏ பிரிவு இருக்கு, பேங்க் விவரம், பாஸ்வேர்டு மாதிரி விஷயங்கள் கவனக்குறைவால லீக் ஆகி நஷ்டமாயிருந்தா கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேக்கலாம்.

பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. ஆதார் பயோமெட்ரிக்க லாக் பண்ணிடுங்க. அடுத்த தடவ கடைசி 4 நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் குடுங்க, அப்புறம் கொடைக்கானல் மலைக்கு வண்டில வர்றதுக்கான இ-பாஸ (ஆன்லைன் அனுமதி) நீங்களே எடுங்க, ஃப்ரீதான், அதுக்குப்போய் ஏஜென்ட்டுக்கு வீட்டு ஆளுங்க விவரம் பூரா அனுப்பாதீங்க.