மூன்று சக்கரக் காரை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று சக்கரம் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, அதுவும் அந்த மாடல் வெளிவந்த முதல் வருடத்து வண்டியை, இன்னொருவரிடமிருந்து வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மேடு பள்ளத்தில் மெதுவாகப் போனால்கூட ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறுகிறது, பின் சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் கீச்சிடுகிறது, நட்டுகள் தானாகக் கழன்றுவிடுகின்றன. விற்றுத் தொலைக்கச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: விற்காதீர்கள். எல்லாமே முதல் வருடத்து வண்டிகளுக்கு வரும் வியாதிதான், ஆனால் உதறல் தீரும்வரை வேகம் வேண்டாம். முதலில் டயர் காற்றைப் பாருங்கள்; இவ்வளவு லேசான வண்டிக்குச் சாதாரண காருக்கு அடிக்கிற அளவு காற்றை அடித்துவிட்டால் முன் சக்கரம் பந்து மாதிரித்தான் துள்ளும். அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரம் சுழலும் பேரிங்கோ, சக்கரத்தைத் திரும்ப விடும் மூட்டான பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கலாம். இரண்டும் சரி என்றால் வீல் பேலன்ஸ் (சக்கரத்தின் எடைச் சமன்), அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாது. சேஸி நம்பரைச் சொல்லி, பிந்தைய வருடங்களில் திருத்திய பாகங்கள் வந்திருக்கின்றனவா என்றும் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

பெல்ட் கீச்சலுக்காக என் வண்டியோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லாடினேன். கடைசியில் பார்த்தால் பெல்ட் ஓடும் புல்லியின் பல்லிடுக்கில் மிளகு அளவு ஒரு கல்! அதற்குள் புது பெல்ட்டே வாங்கிவிட்டேன், அது வேறு கதை.

இரண்டு சிலிண்டர் பெரிய இன்ஜின் அதிரத்தான் செய்யும், நட்டு கழல்வதும் அதனால்தான். சரியான அளவுக்கு முடுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: பின்னால் ஒற்றைச் சக்கரம் வைக்கும் யோசனை யாருக்கு வந்தது? கவிழ்ந்துவிடாதா?

பதில்: இங்கிலாந்தின் மால்வெர்னில் எச்.எஃப்.எஸ். மார்கன் 1909-லேயே இப்படி ஒன்றைக் கட்டி ஓட்டினார். 1910-ல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்த வண்டிகளில் ஒருவர்தான் உட்காரலாம், ஸ்டியரிங் வட்டமும் கிடையாது, படகுச் சுக்கான் மாதிரி ஒரு பிடிதான். மூன்று சக்கரத்துக்கு அங்கே அப்போது வரி குறைவு என்பதால் பிறகு நன்றாகவே விற்றது. மார்கன் கம்பெனியில் மூன்று சக்கர வண்டிகளை 1952 வரை செய்தார்கள், பிறகு 2011-ல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

கவிழ்வதைப் பற்றிக் கேட்டீர்கள். பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும், அங்கே இரண்டு சக்கரம் அகலக் கால் விரித்து நிற்பதால் தாங்கிக்கொள்ளும். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று இருந்தால்தான் வளைவில் பிரேக் போடும்போது முன் மூலைப்பக்கமாகச் சாயப் பார்க்கும். தொல்லை வேறு இடத்தில்: மற்ற கார்களில் பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டிவிடலாம், இதில் நடுவிலும் ஒரு சக்கரம் வருகிறது. பின் டயர் காற்றை வாராவாரம் பாருங்கள், அது இறங்கினால் பின்னால் தாங்க வேறு சக்கரம் கிடையாது.