இரவு மூன்று மணிக்கு வரும் பயம்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 36 வயது. நாசரேத் பக்கத்துக் கிராமம். தனியார் பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிப்ட். இரண்டு பிள்ளைகள், கூடவே அத்தை. சண்டே ஸ்கூல், பாடகர் குழு என்று கோயிலிலேயே வளர்ந்தவள் நான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்டும் இல்லை, போனும் இல்லை. அவர் தூத்துக்குடியில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகளோடு பக்கத்து மாடி வீட்டில் கிடந்தோம். அதற்கப்புறம்தான் கடைசிக்காலச் செய்திகளை, அதாவது உலக முடிவைப் பற்றிய பிரசங்க வீடியோக்களை, போனில் கேட்க ஆரம்பித்தேன். யுத்தம், பூகம்பம், கொள்ளைநோய். ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது.

இப்போது ராத்திரி மூன்று மணிக்கு முழிப்புத் தட்டிவிடுகிறது. நெஞ்சு படபடக்கும். இயேசு இரகசியமாக வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்துவிட்டதோ, நான் மட்டும் கைவிடப்பட்டேனோ என்று எழுந்து போய்ப் பாயில் பிள்ளைகளைத் தடவிப் பார்ப்பேன். பிள்ளைகள் இருந்தாலும் மனம் ஆறாது. அத்தையின் குறட்டை கேட்டால்தான் உயிர் வரும். வீட்டில் பரிசுத்தவாட்டி அவர்தான்; அவரே இருக்கிறார் என்றால் இன்னும் வருகை இல்லை என்று தேற்றிக்கொள்வேன். சிரிக்காதீர்கள். வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் இருந்தால் போன் போடுவேன். எடுக்காவிட்டால் விடியும்வரை முழங்காலில்தான்.

போன மாதம் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அத்தையையும் காணோம், பிள்ளைகளையும் காணோம். நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அடுத்த வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பார்க்கப் போயிருந்தார்களாம்.

ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "பயம் வருதுன்னா ஏதோ பாவம் மறைஞ்சிருக்கு, உபவாசத்தைக் கூட்டு" என்றார். கூட்டினேன். முழு இரவு ஜெபத்துக்கும் போகிறேன். வகுப்பில் தூங்கி வழிகிறேன். வீட்டுக்காரர் மனநல டாக்டரிடம் போவோம் என்கிறார். மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்கிறார் அத்தை. விழித்திருங்கள் என்றுதானே ஆண்டவர் சொன்னார்? நான் செய்வது தப்பா அம்மா?

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. டாக்டரைப் பாருங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. அப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்களில் சிலருக்கு, தண்ணீர் வடிந்த பிறகும் உடம்பு ஆபத்தை எதிர்பார்த்தே நிற்கும். பின்னிரவில் எல்லோருக்குமே தூக்கம் லேசாகிவிடும். மற்றவர்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்புக்கு மனம் காரணம் தேடுகிறது. பகலெல்லாம் கேட்ட செய்தி கைவசம் தயாராக இருக்கிறது.

பிள்ளைகளைத் தடவுவது, குறட்டைக்குக் காது கொடுப்பது, போன் போடுவது எல்லாம் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் இது சிரங்கைச் சொறிகிற மாதிரி. சரிபார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் பழகிக்கொள்ளும். மறுநாள் இன்னும் பலமாகக் கேட்கும். பயத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் பாவ அறிக்கையும் இதே கணக்கில்தான் சேரும். பதற்றநோயிலும் எண்ணச் சுழற்சி நோயிலும் (OCD) நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது. எது என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். இரண்டுக்குமே நல்ல சிகிச்சை உண்டு.

வருகை எப்படி நடக்கும் என்பது பற்றிச் சபைகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அதை உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் நீங்கள் வேதம் தெரிந்தவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். மத்தேயு 25-இல் மணவாளனை வரவேற்க விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் தூங்கியது யார்? புத்தியில்லாத ஐந்து பேர் என்றுதான் பலரும் சட்டென்று சொல்வார்கள். "மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்களெல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்" என்று இருக்கிறது. புத்தியுள்ளவர்களும் தூங்கினார்கள், அவர்களிடம் எண்ணெய் இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் "விழித்திருங்கள்" என்று முடிகிற அந்த உவமையில் தூங்கியதற்காக யாரும் வெளியே நிறுத்தப்படவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில் எஜமான் வரும்போது பாராட்டுப் பெறுகிற ஊழியக்காரன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? வீட்டாருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறான். காலையில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்புகிறீர்களே, அதை நீங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நம் ஊர்ப் பெரியவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். உலகம் முடிகிறது என்று நினைக்க அவர்களுக்கு நம்மைவிட அதிகக் காரணம் இருந்தது. இடையன்குடியில் கால்டுவெல் 1847-இல் தொடங்கிய கோயில் வேலை 1880-இல்தான் பிரதிஷ்டைக்கு வந்தது. நடுவில்தான் அந்தப் பஞ்சம். 'நியாயந்தீர்க்க வருவார்' என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிக்கொண்டே 33 வருஷம் கல் அடுக்கியிருக்கிறார்கள். ஒருதரம் போய் அந்த ஜன்னல் வேலைப்பாட்டைப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

சரி, இனி செய்ய வேண்டியது. அந்த வீடியோக்களை அடியோடு நிறுத்துங்கள். 'இன்றைக்கு ஒன்று மட்டும்' என்பது வேண்டாம். உடம்பு தேறும்வரை உபவாசமும் முழு இரவு ஜெபமும் வேண்டாம். வெறும் வயிறும் தூக்கக் கேடும் படபடப்பைக் கூட்டும். ஜெபக்குழு அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மூன்று மணிக்கு முழித்தால் பத்து நிமிஷம் எழுந்திருக்காமல் படுத்திருங்கள். பயம் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். அது பழகினதும் இருபது நிமிஷம். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. படபடப்பு இருப்பதால் தைராய்டும் ரத்தச்சோகையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மனாஸ், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். அவர் பிரஷருக்கோ சுகருக்கோ மாத்திரை போடுகிறவராக இருந்தால், 'உங்களை மாதிரிதான் அத்தை' என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். நைட் ஷிப்டில் அவர் போனை எடுக்காத நேரத்தில் என்ன செய்வது என்பதை டாக்டரோடு மூன்று பேருமாக அங்கேயே பேசி முடிவு செய்யலாம்.