மினுங்கும் பருத்தி

கேள்வி: பருத்தி சாட்டீன் என்று சொல்லி ஒரு துணி கொடுத்தார்கள். சாட்டின் போலவே மினுங்குகிறது. உண்மையிலேயே பருத்திதானா? கவுன் தைக்கலாமா?

பதில்: மினுங்குகிறது என்பதற்காகச் சந்தேகப்படாதீர்கள். அந்தப் பளபளப்பு நெசவில் இருக்கிறது. சாதாரண நெசவில் குறுக்கே ஓடும் ஊடை நூல், நெடுக்கே ஓடும் ஒரு பாவு நூலின் மேலே, அடுத்ததன் கீழே என்று போகும். சாட்டீனிலோ பெரும்பாலும் நான்கைத் தாண்டி ஒன்றின் கீழ் நுழையும். மேலே நீளமாகக் கிடக்கும் அந்த இழைகள்தாம் ஒளியைப் பிரதிபலிக்கின்றன. சாட்டின் என்றால் வழக்கமாகப் பட்டு அல்லது பாலியெஸ்டர். ஐயம் தீராவிட்டால் ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பிரியுங்கள். குட்டைக் குட்டையான பஞ்சு நார்களாகப் பிரிந்தால் பெரும்பாலும் பருத்தி.

கவுனுக்கு அருமையான துணி. நன்றாகத் தழைந்து விழும். தலையணை உறை, திரைச்சீலைக்கும் ஏற்றது. ஆனால் மோதிரம் பட்டாலே இழை இழுபடும்.

முதலில் நனைத்துக் காயவைத்து, பிறகு வெட்டுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருக்கட்டும். துணியை மிச்சம் பிடிக்க ஒரு முறை கைப்பகுதி ஒன்றை மட்டும் குறுக்காக வெட்டினேன். தைத்து முடித்தபின் அது வேறு துணி போலத் தெரிந்தது. பிரித்து மறுபடி தைத்தேன். இஸ்திரியை எப்போதும் உட்புறமாகவே போடுங்கள்.