சால்மனுக்காக எழுதிக்கொடுத்த ஆற்றங்கரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஓர் ஓடையை ஒட்டி நிலம் பார்த்திருக்கிறார்கள். பத்திரத்தில் ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்று ஏதோ பதிவாகியிருக்கிறதாம். சால்மன் மீனுக்காக முந்தைய உரிமையாளர் எழுதிக்கொடுத்தது என்கிறார் புரோக்கர். வில்லங்கமான சொத்து வேண்டாம் என்கிறேன், மகள் கேட்க மாட்டேன் என்கிறாள்.
- வாசகர், அண்ணா நகர்

பதில்: ஐயா, வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் அரை கிரவுண்டுகூட வாங்காத ஊர்க்காரர்கள் நாம், உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் இது கடனுக்கு வைத்த அடமானமும் இல்லை, கோர்ட் கேஸும் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர், ‘இந்தக் கரையை ஒட்டி மரம் வெட்ட மாட்டேன், கட்டடம் கட்ட மாட்டேன், மனை பிரித்து விற்க மாட்டேன்’ என்று தானாக முன்வந்து ஒரு நில அறக்கட்டளைக்கோ அரசுத் துறைக்கோ எழுதிக்கொடுத்துப் பதிவு செய்த நிபந்தனை. நிலம் அவருடையதாகவே இருக்கும், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், ஆனால் யார் கைக்குப் போனாலும் நிபந்தனையும் கூடவே போகும். பெரும்பாலும் காலவரம்பே கிடையாது, ஏனென்றால் நிரந்தரமாக எழுதிக்கொடுத்தால்தான் அங்கே மத்திய வருமான வரியில் கழிவு கிடைக்கும். நிபந்தனைக்கு முன் நிலத்தின் மதிப்பு என்ன, பின் என்ன என்று கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தை நன்கொடையாக எடுத்துக்கொள்வார்கள்.

எழுதி வாங்கிய அறக்கட்டளை அதோடு விட்டுவிடாது. நிலம் எந்த நிலையில் இருந்தது என்று படங்களோடு ஓர் அறிக்கை தயாரித்து வைத்திருக்கும், வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்க்கும், மீறினால் கோர்ட்டுக்குப் போகும். அதனால் மகளிடம் சொல்லுங்கள்: பத்திரத்தையும் அந்த அறிக்கையையும் முழுசாக வாங்கிப் படிக்க வேண்டும், வீடு கட்டிக்கொள்ள எந்த இடம் விடப்பட்டிருக்கிறது, ஓடையிலிருந்து எத்தனை அடி தள்ளி, கிணறு போடலாமா, வேலி போடலாமா என்று பார்க்க வேண்டும், அங்குள்ள வக்கீல் ஒருவரிடமும் காட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லாம் உள்ளே வந்து மீன் பிடிப்பார்களோ என்ற கவலை வேண்டாம், பத்திரத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய பொதுமக்களுக்கு அந்த உரிமை வராது. நிபந்தனையோடு வாழ முடியும் என்றால் தாராளமாக வாங்கட்டும். என்னைக் கேட்டால், அப்படி ஒரு கரையில் வீடு அமைவது பெரிய கொடுப்பினை. அந்தப் பகுதியின் சினூக் சால்மன் 1999-லிருந்து அழியும் ஆபத்துள்ள இனங்களுக்கான மத்திய சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு ஓடையும் முக்கியம்.

கேள்வி: மீன் இருப்பது தண்ணீரில். நிலத்துக்குப் பத்திரம் எழுதி மீனை எப்படிக் காப்பாற்ற முடியும்?
- கல்லூரி மாணவி, வேளச்சேரி

பதில்: நல்ல கேள்வி அம்மா. சால்மன் கடலில் வளர்ந்தாலும் முட்டையிட, பிறந்த ஆற்றைத் தேடித்தான் வரும், வாசனையை வைத்தே கண்டுபிடிக்கும். பெண் மீன் வாலால் கூழாங்கல்லைப் பறித்துக் குழி செய்து முட்டையிட்டு மூடும். மாதக்கணக்கில் அந்த முட்டைகள் கல் இடுக்கில் ஓடும் தண்ணீரிலிருந்துதான் ஆக்சிஜன் எடுத்தாக வேண்டும். கரையில் மரத்தை வெட்டி மண்ணைக் கிளறினால் மழையில் வண்டல் இறங்கி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும், முட்டை மூச்சுமுட்டிச் சாகும். ட்ரவுட் மீனும் அதே குடும்பம், அதற்கும் இதே கதைதான். இரண்டுக்கும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும், அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு கரைமரங்களின் நிழலில்தான் இருக்கிறது. விழுந்த மரம்கூட வீண் இல்லை, அதன் பின்னால் ஆழமான மடு உருவாகும், குஞ்சுகள் அங்கே ஒதுங்கி வளரும். கோஹோ சால்மன் குஞ்சு கடலுக்குப் போகுமுன் ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே இருக்கும் என்பதால் அதற்கு இந்த மடுக்கள் உயிர்நாடி.

அதே சமயம் பத்திரத்தால் எல்லாம் ஆகிவிடாது. சியாட்டில் இருக்கும் அதே வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா ஆற்றில் 2011-க்கும் 2014-க்கும் இடையே இரண்டு அணைகளை இடித்த பிறகுதான் சால்மனால் மேலே போக முடிந்தது. கோஹோ மீன்கள் மழைக்குப் பின் ஏன் கூட்டமாகச் சாகின்றன என்று தேடிய ஆய்வாளர்கள், டயர் தேய்ந்து உதிரும் துகளிலிருந்து வரும் ஒரு ரசாயனம்தான் காரணம் என்று 2020-ல் வெளியிட்டார்கள். ஒருவர் தன் கரையை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் மேலே இருக்கும் சாலையின் தண்ணீர் அவர் ஓடைக்குத்தானே வரும்? அதற்குத் தனியாகப் போராட வேண்டும். ஆனால் கரையே போய்விட்டால் மற்ற எதைச் செய்தும் பலன் குறைவு.

கேள்வி: பூண்டிக்குக் கீழே கொசஸ்தலை ஆற்றை ஒட்டி எங்களுக்குப் பட்டா நிலம் இருக்கிறது. எனக்குப் பின் யாரும் பிளாட் போடாதபடி நானும் இப்படி எழுதிவைக்க முடியுமா?
- வாசகர், மாதவரம்

பதில்: உங்களைப் போல நினைப்பவர்கள் இருப்பதே பெரிய சந்தோஷம் ஐயா. அமெரிக்க முறை இங்கே அப்படியே செல்லாது. நம் ஈஸ்மென்ட் சட்டம் 1882-ஆம் ஆண்டுடையது, ஒரு நிலத்தின் அனுபோகத்துக்காக இன்னொரு நிலத்தின் மேல் இருக்கும் பாத்தியத்தைத்தான் அது பேசுகிறது, நடைபாதை, வாய்க்கால் மாதிரி. பக்கத்தில் நிலமே இல்லாத அறக்கட்டளை அந்த உரிமையை வைத்துக்கொள்ள முடியாது. முழு உரிமையோடு விற்றுவிட்டு ‘கட்டடம் கட்டாதே’ என்று நிபந்தனை போட்டாலும் பொதுவாக நிற்காது, நீங்கள் வைத்துக்கொள்ளும் மீதி நிலத்தின் நன்மைக்கான நிபந்தனை என்றால்தான் சொத்து மாற்றுச் சட்டத்தில் இடம் உண்டு.

நெருங்கி வரும் வழி வேறொன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தில் வந்த சமுதாயக் காப்பகம். தனி ஆளோ ஊராரோ முன்வந்தால் அவர்களுடைய நிலத்தை மாநில அரசு அப்படி அறிவிக்கலாம், அதன் பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. பறவை, மீன், நீர்நாய் என்று அங்கே என்னென்ன இருக்கிறது என்பதைப் பட்டியல் போட்டு, பக்கத்து நிலக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வனத்துறையிடம் போங்கள். சுற்றுச்சூழலுக்கென்று இருக்கும் பொது அறக்கட்டளைக்குத் தானமாக எழுதிக்கொடுக்கலாம், ஆனால் வரிக்கழிவு பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான், நிலத்துக்குக் கிடையாது. அமெரிக்காவில் அந்தக் கழிவுதான் பெரிய தூண்டுகோல். இங்கேயும் அதைக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: ஊட்டி ட்ரவுட்டையும் இப்படிக் காப்பாற்ற வேண்டாமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: அது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் அம்மா, அவலாஞ்சியில் 1907-ல் அதற்கென்று பொரிப்பகமே வைத்தார்கள். நீலகிரியின் ஓடைகளையும் சோலைகளையும் காக்க ட்ரவுட் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது மோயாற்றில் இருக்கும் திமிலுள்ள மஹ்சீர் மீனைப் பற்றி, 2018-ல்தான் அதற்கு முறையான அறிவியல் பெயரே உறுதியானது, அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் மிக அதிக ஆபத்தில் இருக்கும் இனம்.